ஒரு கிலோ நானூறு

அத்தியாயம் 11

போன வாரம் மகளின் ரேஸுக்குப் பொன்னி தலையாட்டியதோடு சங்கதி முடிந்தது என்று நிம்மதியாகப் பத்திரிகையை மடித்து வைத்தவர்களுக்கு ஒரு செய்தி. அவள் சும்மா ஆட்டவில்லை. நிபந்தனை போட்டுத்தான் தலையை ஆட்டினாள்.

கார்ட் வண்டி என்பது தரையோடு தரையாக ஓடும் நாலு சக்கரச் சட்டம். கூரை கிடையாது, கதவு கிடையாது, இடுப்பில் மாட்ட பெல்ட்டும் கிடையாது. அதில் பதினாலு வயது மகள் ரூத் எண்பது, தொண்ணூறு வேகத்தில் போகப்போகிறாள் என்றால் எந்தத் தாய்தான் லேசில் சம்மதிப்பாள்? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அம்மாவும் மகளும் உபவாச ஜெபம் இருக்க வேண்டும், பகல் மூன்று மணி வரை தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படக்கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டால் போ என்றாள் பொன்னி. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலம் வேறு.

ரூத் ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாள். அன்றைக்கு மொட்டை அடித்துக்கொள் என்றிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

ரூத்தின் அப்பா ஏசுதாஸிடம் இருவரும் சொல்லவில்லை. சாப்பிடாத பிள்ளையை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று அவன் முரண்டு பிடிப்பான். பொன்னிக்கு அவனோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. செங்கல்பட்டில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கருங்குழியிலிருந்து காலை ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். ஏழு மணிக்குள் ஐம்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறீர்களா என்று கேட்டு, ஊசி குத்தி, வெளியே போனதும் முதலில் ரெண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள், மயக்கம் வரும் என்று சொல்லி அனுப்புவாள். அதையே ஐம்பது முறை சொல்பவளுக்கு வீட்டில் அது தோன்றவில்லை. வேலை வேறு, விசுவாசம் வேறு என்று வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஒரே பைக்கில் கிளம்பினார்கள். ஆலயம் தப்பிப் போகிற முதல் ஞாயிறு. ஏசுதாஸ் கம்பெனி பஸ் டிரைவர். கூடுவாஞ்சேரியில் ஆள் ஏற்றிக் கல்பாக்கத்தில் இறக்கி, மறுபடி கல்பாக்கத்தில் ஏற்றிக் கூடுவாஞ்சேரியில் இறக்கி, வாரம் முழுக்க அதே ரோடு. சனிக்கிழமை இரண்டு டிரிப் கூடுதல். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் முகத்தில் ஒரு களை இருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் அவனால்தான் ஆரம்பித்தது. நாலு மாதத்துக்கு முன் ஆபீஸ்காரர்களைக் கடற்கரைச் சாலையோர கார்ட் மைதானத்துக்குச் சவாரி கூட்டிப்போனபோது, பள்ளி விடுமுறை என்று ரூத்தையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டான். யாரோ ஒருவர் தன் சுற்றை அவளுக்குக் கொடுத்தார். அன்றைய நாளின் மிகக் குறைந்த நேரம் அவள் பெயரில் பலகையில் ஏறியது. அதைப் பார்த்தவர்தான் திருவேங்கடம். சொந்தமாக ஷெட் வைத்துப் பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார் செய்கிறவர்.

செய்யூரில் டீக்கடை வாசலில் ஏசுதாஸ் பைக்கை நிறுத்தினான்.

"நாஸ்தா ஆச்சா ரூத்து?"

"ஆச்சு நைனா."

பொன்னி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஏசுதாஸ் மட்டும் நின்றபடி நாலு இட்லி சாப்பிட்டான்.

கடப்பாக்கத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால், உப்பளத்தை ஒட்டி இருக்கிறது மைதானம். ஒன்பது மணிக்கே தார் கொதித்தது. கடல் காற்று இருந்தது, ஆனால் அதுவும் வியர்த்துக்கொண்டுதான் வந்தது.

இன்றைக்கு ரூத்துக்கு என்ன கணக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருவேங்கடத்திடம் புதுப் பிள்ளைகள் இருவர். ரூத், அப்புறம் கூடுவாஞ்சேரியிலிருந்து வரும் நிதின். இருவருக்கும் இது முதல் ரேஸ். இன்றைக்கு இருவருக்கும் வண்டி உண்டு. யார் முன்னால் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் சீசன் முழுக்க அவருடைய வண்டியில் இடம். மற்றவர் வீட்டுக்குப் போகலாம். நிதின் வீட்டில் வேறு வண்டிக்கு வழி பார்ப்பார்கள். ரூத்துக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

ஷெட் மெக்கானிக் ஜெபக்குமார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், கருங்குழிக்காரர், அதே சபை. ரூத்தின் சீட்டுக்குப் பின்னால் போல்ட் போட்டு முடுக்கியிருந்த ஈயக்கட்டிகளை விரலால் தட்டிப் பார்த்தார். இது என்னவென்று பொன்னி கேட்டாள்.

ஜெபக்குமார் பொறுமையாக விளக்கினார். எடை குறைந்தால் வேகம் கூடும். ஒல்லிப் பிள்ளைக்கு அது அநியாய லாபம் என்பதால் ஒரு விதி. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து நூற்று நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் ஈயம் கட்ட வேண்டும். ரேஸ் முடிந்ததும் அப்படியே எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் ரூத்தை உட்காரவைத்து, சரியாக ஒரு கிலோ கூடுதலாக வைத்து ஈயம் கட்டியாகிவிட்டது. அதற்குமேல் வைத்தால் வண்டி சோம்பும்.

வியாழக்கிழமை என்று அவர் சொன்னது பொன்னியின் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. அவள் அப்போது திருப்பத்தில் அடுக்கியிருந்த டயர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதல் போட்டி என்பதால் யார் எங்கே நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பன்னிரண்டு வண்டிகள். நிதினுக்கு நான்காவது இடம். ரூத்துக்கு எட்டாவது. ஏசுதாஸின் முகம் வாடிவிட்டது. ரூத் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பாவாடைக் கயிறுபோல இறுக்கிக் கட்டியும் ஓட்டுநர் உடுப்பு தோளில் தொங்கியது. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஒரு மணிக்குக் கொடி இறங்கியதும் பொன்னி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் சத்தம் இன்னும் மோசமாக இருந்தது. திறந்துகொண்டாள்.

பன்னிரண்டு சுற்று. இரண்டாவது சுற்றில் முன்னால் இரண்டு பேர் முட்டிக்கொண்டு புல்லில் இறங்கினார்கள். ரூத் ஆறாவதாக வந்தாள். ஐந்தாவது சுற்றில் ஐந்தாவது. அதற்குப் பிறகு அவளுக்கு முன்னால் நிதினின் நீல ஹெல்மெட். நாலு சுற்று அவன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனாள். கடல் பக்கத் திருப்பத்தில் அவன் கொஞ்சம் அகலமாகத் திரும்புகிறான், அங்கேதான் இடம் கிடைக்கும் என்று ஏசுதாஸ் கம்பியைப் பிடித்தபடி முணுமுணுத்தான். பதினைந்து வருடமாக வேகக் கட்டுப்பாடு பூட்டிய பஸ்ஸை ஓட்டுகிற மனிதன். யாரையும் முந்தாதவன்.

ஒன்பதாவது சுற்றில், அதே திருப்பத்தில், ரூத் உள்பக்கமாக நுழைந்துவிட்டாள். அதோடு நிற்கவில்லை. கடைசிச் சுற்றில் இன்னொருவரையும் தாண்டி மூன்றாவதாக முடித்தாள். நிதின் ஐந்தாவது.

ஏசுதாஸ் அழுதான். ஒளித்துக்கொள்ளவும் இல்லை. பொன்னிக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, நிம்மதிதான். பிள்ளை முழுசாக இருக்கிறாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினாள். வெயிலில் அவளுக்கே கண் இருட்டியது. மகளுக்கு எப்படி இருக்கும்.

எடை மேடைக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றருகே ஒரு பெண் அதிகாரி நின்றிருந்தாள். சட்டையில் துர்காதேவி என்று எழுதியிருந்தது. எடை பார்ப்பதற்கு முன் பிள்ளையிடம் யாரும் எதையும் கொடுக்கக்கூடாது என்று தடுத்தாள். குடிக்கிற தண்ணீர்தானே என்றாள் பொன்னி. தண்ணீரும் எடைதான் அம்மா என்றாள் அந்தப் பெண், கோபமில்லாமல்.

ரூத் வண்டியோடு மேடையில் ஏறினாள். சிவப்பு எழுத்தில் எண் ஓடி நின்றது. நூற்று நாற்பத்து நான்கு புள்ளி ஆறு.

இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அதே எண். மூன்றாவது முறையும் அதே எண். நானூறு கிராம் குறைவு. போட்டியிலிருந்து விலக்கு என்று ஒரு தாளில் எழுதித் திருவேங்கடத்திடம் கையெழுத்து வாங்கினார்கள். முன்னால் முடித்தது நிதின் என்றாகிவிட்டது.

பொன்னி கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அரை லிட்டர்.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. வியாழக்கிழமை ஒரு கிலோ கூடுதல். இன்றைக்கு நானூறு குறைவு. ஆக ஒரு கிலோ நானூறு. மூன்று நாள் பட்டினியும் ஒரு பகல் வெயிலும் சேர்ந்தால் ஒல்லிப் பிள்ளை உடம்பில் எவ்வளவு வற்றும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

வேறு யாருக்கும் புரியவில்லை. ஷெட்டுக்குள் வண்டியைத் தள்ளிவந்து, திருவேங்கடமும் ஏசுதாஸும் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். எந்த போல்ட் கழன்றது, எந்தத் தகடு விழுந்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தன. ஒரு கிலோ நானூறு என்ன கொண்டை ஊசியா, கண்ணில் படாமல் விழுந்துபோக என்று திருவேங்கடம் எரிந்து விழுந்தார். பிறகு நிதினின் எடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். அவனுக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதல். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர் முகம் மாறியது.

ஈயக்கட்டிகள் மாறிவிட்டன என்ற முடிவுக்கு வந்தார். பெரியது நிதின் வண்டிக்கும் சிறியது ரூத் வண்டிக்கும் போயிருக்க வேண்டும். எந்தக் கட்டி எந்த வண்டிக்கு என்று எழுதிவைக்கிற பழக்கம் அந்த ஷெட்டில் இல்லை. எல்லாம் ஜெபக்குமாரின் ஞாபகத்தில்தான் இருந்தது.

"ஜெபக்குமார், சனிக்கிழமை ரெண்டு வண்டியையும் ஒண்ணாத்தான பிரிச்சே?"

"ஆமா சார்."

"மாத்திப் போட்டுட்டியா?"

ஜெபக்குமார் முந்தாநாளிலிருந்து எட்டு வண்டிகளைத் தனி ஆளாகப் பிரித்து மாட்டியவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அலுப்பில் மனுஷனுக்குத் தன் கைமீதே சந்தேகம் வந்துவிடுகிறது.

"மாத்திட்டேன் போலக்கீது சார்."

திருவேங்கடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னார். பிறகு ஏசுதாஸ் பக்கம் திரும்பினார். தப்பு தன் ஷெட்டுடையது, அதற்காகப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமில்லை, இன்றைய முடிவைத் தான் கணக்கில் எடுக்கப்போவதில்லை, அடுத்த ரவுண்டிலும் இருவருக்கும் வண்டி தருகிறேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஏசுதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

ரூத் டயர்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள். சொல்லாதே.

பொன்னி ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். நிழல் ஒரு முழத்துக்குத்தான் இருந்தது. ஜெபம் பண்ணலாம் என்று நினைத்தாள். பண்ணினால் கர்த்தர் என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் பண்ணவில்லை. மூன்று நாளாக முழங்காலில் நின்று நின்று முட்டி வலித்தது. அவளுக்குப் படுத்துத் தூங்க வேண்டும்போல் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. மகளுக்கு இன்னொரு வாய்ப்பு. ஜெபக்குமாருக்கு வேறு ஷெட் கிடைக்காதா?

கிடைக்காது என்றும் தெரியும். ஈயத்தை மாற்றிப் போட்டவன் என்று பெயர் எடுத்தவரை எந்த ஷெட்காரர் சேர்ப்பார்?

அவள் திரும்பி வந்தபோது ஜெபக்குமார் கையைக் கழுவிவிட்டு, ஷெட் சட்டையைக் கழற்றி மடித்து, பெஞ்சுமேல் வைத்துக்கொண்டிருந்தார். ஏசுதாஸிடம் வந்தார்.

"அண்ணாத்த, பொண்ணு நல்லா ஓட்னா. என்னாலதான் பேஜாராயிடுச்சு. மனசுல வெச்சிக்காத."

பொன்னிக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"சார், இவர அனுப்பாதீங்க" என்றாள் திருவேங்கடத்திடம். "கட்டி ஒண்ணும் மாறல. நீங்க தேடற ஒரு கிலோ நானூறு எம்பொண்ணு ஒடம்புல கொறஞ்சது. மூணு நாளா பட்டினி. நான்தான் போட்டேன்."

வெளியே அடுத்த போட்டிக்கு வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, உபவாசம், நிபந்தனை, எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஏசுதாஸ் மகளைப் பார்த்தான். "காலையில கேட்டனே ரூத்து. ஆச்சுன்னியே."

ரூத் தரையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அடுத்த ரவுண்டு இவளுக்கு வண்டி குடுத்திருப்பேம்மா" என்றார் திருவேங்கடம்.

"தெரியும் சார்."

"பசியில கண்ணு இருட்டி அது நடுவுல நின்னுருந்தா? பின்னாடி ஒம்போது புள்ளைங்க வந்துகினு இருந்துச்சு. அதுங்க ஆத்தா அப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பெல்ட் இல்லை என்று பயந்தவள் பொன்னி. மற்ற ஒன்பது பேருக்கும் பெல்ட் இல்லை என்பது இதுவரை அவள் நினைவுக்கு வந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது.

திருவேங்கடம் மடித்து வைத்த சட்டையை எடுத்து ஜெபக்குமாரிடம் நீட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சீசன் வண்டிக்கு நிதின் பெயரை எழுதிக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். ஜெபக்குமார் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொன்னியைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்கிற முகம் இல்லை அது. அவருக்கும் ரூத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

மைதான வாசலில் பைக் பக்கத்தில் பொன்னி டப்பாவைத் திறந்தாள். மூன்று மணி ஆகிவிட்டது, சாப்பிடு கண்ணு என்றாள். ரூத் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் அழவும் இல்லை. பதினாலு வயதுக்கு அந்த முகம் ரொம்ப வயசான முகமாக இருந்தது.

"நீ பயந்தேன்னு பட்டினி கெடந்தேன். நீ உண்மைய சொல்லணும்னு எஞ்சீட்டும் போச்சு. இன்னும் இன்னாம்மா வேணும் உனுக்கு?"

பொன்னி டப்பாவை மூடினாள். கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லை. பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ரூத் அப்பாவிடம் திரும்பினாள். கடப்பாக்கத்தில் ஏசுதாஸின் அக்கா வீடு இருக்கிறது. ரூத்துக்கு அத்தை.

"நைனா, என்னை அத்த வூட்ல வுட்டுடு. நான் கருங்குழிக்கு வரல."

நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பரீட்சை வருகிறது என்று அவன் மறுப்பான் என்று பொன்னி காத்திருந்தாள். ஏசுதாஸ் மறுக்கவில்லை. ரூத் ஏறி உட்காரும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ செய்யூர் பஸ்ஸ புடிச்சிப் போய்டு" என்றான். ஷெட்டில் அவள் வாயைத் திறந்ததிலிருந்து அவளிடம் பேசிய முதல் பேச்சு. "அவ எப்ப வருவான்னு என்னைக் கேக்காத. அத அவதான் சொல்லணும்."

வண்டி தெற்கே திரும்பியது. ஏசுதாஸ் நாற்பது வேகத்தைத் தாண்டாத டிரைவர். நேர்ச் சாலை. வெகுநேரம் கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தார்கள். ரூத் ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று பொன்னி வெயிலில் நின்றாள். செய்யூர் பஸ் வந்து, கண்டக்டர் விசில் ஊதி, கிளம்பியும் போய்விட்டது. அவள் ஏறவில்லை.